சீமாட்டி வெளியே வந்த வாசல்

பிரான்சில் பர்கண்டிப் பக்கம் செர்னே என்று ஓர் ஊர். அங்கே பெனடிக்ட் துறவிகளின் பழைய மடம் எங்கே என்று கேட்டால் ஊரே சிரிக்கும். புரட்சிக் காலத்தில் துறவிகளைத் துரத்திவிட்டு, கல்லைக் கல்லாகப் பெயர்த்து ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்ட புண்ணியவான்கள். மிச்சம் நின்றது சாப்பாட்டுக்கூடத்தின் ஒரு மூலை மட்டும். அது இப்போது குடியானவன் ஒனோரேயின் பன்றிக்கொட்டில்.

வாசல் ஒரு முழம்தான் அகலம். வசந்தத்தில் குட்டியை உள்ளே விடுவார்கள். நவம்பரில் வெட்டும் நாளன்று நிலையில் இரண்டு கல்லை உருவிக் கொழுத்த பன்றியை வெளியே எடுத்துவிட்டு, கல்லை மறுபடி சொருகிவிடுவார்கள். பரம்பரை வழக்கம். இந்த வருஷத்துப் பன்றிக்குப் பேர் சீமாட்டி. சனிக்கிழமை ஒனோரேயின் மகள் பிளான்டினுக்குக் கல்யாணம், விருந்தே சீமாட்டிதான்.

புதன்கிழமை தொல்லியல் அதிகாரி தெவனோ வந்தார். வாசலைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார்.

"இது சோதனை வாசல்ங்க! இதுல நுழைய முடியாத துறவிக்கு அன்னைக்குச் சோறு கிடையாது. இளைச்சு நுழையற வரைக்கும் பட்டினிதான். இனிமே ஒரு கல்லை அசைச்சாலும் ஜெயில்!"

"அப்போ என் பன்னி?"

"துறவிங்க செஞ்சதையே செய்யுங்க. பட்டினி போடுங்க."

ஒனோரே தலையில் அடித்துக்கொண்டான். சம்பந்தி வீட்டாருக்கு எலும்பையா பரிமாறுவது? அவன் மனைவி மார்த் மட்டும் தெவனோவின் தொந்தியை ஏற இறங்கப் பார்த்தாள்.

தெவனோ மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நுழைந்து உள்ளே அளக்கத் தொடங்கினார்.

"வந்தவங்களைப் பசியோட அனுப்பக்கூடாதுன்னு துறவிங்களே சொல்லியிருக்காங்க ஐயா," என்று மார்த் வாசல் வழியே தட்டுத் தட்டாக நீட்டினாள். பூண்டு வெண்ணெயில் நத்தை, ஒயினில் வெந்த மாட்டுக்கறி, பாலாடைக்கட்டி, மறுபடி மாட்டுக்கறி. மனுஷர் ஒன்றையும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வெளியே வரப் பார்த்தார். தொந்தி வாசலில் இடித்தது.

"இழுங்கய்யா!"

"இழுக்கலாம். கல்லு அசைஞ்சா ஜெயிலாச்சே?" என்றான் ஒனோரே. "பட்டினி கிடங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இளைச்சிடுவீங்க."

உள்ளே சீமாட்டி அவர் காற்சட்டையை மென்றுபார்த்தது. தெவனோ அலறியபடி காகிதத்தை எடுத்தார். இந்த வருஷம் இரண்டு கல்லை எடுக்க அனுமதி என்று எழுதத் தொடங்கினார்.

"'இந்த வருஷம்'னு போடாதீங்க. 'வருஷா வருஷம்'னு போடுங்க," என்றாள் மார்த்.

போட்டார். கையெழுத்தும் போட்டார். ஒனோரே கல்லை உருவினான். அதிகாரியை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் வெளியே வந்தது சீமாட்டிதான்.