ஏழாவது கார்பன்

"ஒங்க உம்மாதானே, நீங்களே கேளுங்க மச்சான்" என்று போன வாரம் ஷம்ஸியா சொன்னபோது, துபாயிலிருந்து கணவன் இர்ஷாத் ஃபோனில் சிரித்தான்.

"நான் கேட்டா மகனுக்காகச் சரிம்பாவ. நீ கேளு. முடியாதுன்னா ஒன் மொகத்துக்கு நேரா சொல்லட்டும்."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஷம்ஸியாவுக்குக் கேட்க வாய் வரவில்லை. மாமி ஷரீபா பீவி ராதாபுரத்தில் மகளுடைய மூன்று பிள்ளைகளையும் வளர்த்துக் கொடுத்துவிட்டு டவுணில் இருக்கும் இந்த வீட்டுக்குத் திரும்பியவர். "இனி எந்தப் பிள்ளையும் என் இடுப்புல ஏறக்கூடாது" என்று வாசலிலேயே அறிவித்தவர்.

நாளைக் காலை கல்லூரியில் ஷம்ஸியா ஆசிரியர் வேலைக்காக மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வேதியியலில் அவளுக்குப் பயமில்லை; வேலை தனக்குத்தான் என்று அடித்துச் சொல்வாள். ஒரு வயது மகன் அம்மாரை யார் பார்ப்பது என்பதுதான் முடிவாகவில்லை.

பிள்ளை தூங்கியதும், வகுப்பில் காட்ட மூலக்கூறு மாதிரி செய்யும் பிளாஸ்டிக் உருண்டைகளை எடுத்தாள். ஆறு கார்பனை வளையமாகக் கோத்தாகிவிட்டது. எதிரெதிர் மூலைகளை ஏழாவது கார்பனால் இணைக்க வேண்டும். வளையத்தைப் படகுபோல வளைத்தால்தான் எட்டும். வளைத்துப் பிடித்தால் மாட்டுவதற்குக் கை இல்லை.

"இங்கன கொண்டா" என்று மாமி வந்து உட்கார்ந்தார்.

"பைய மாமி, ஒடஞ்சிரும்."

"எத்தனை பிள்ளைக்கு எண்ணெ தேச்சு உருவின கை. நீ மாட்டு."

மாமி வளைத்துப் பிடிக்க, ஷம்ஸியா ஏழாவதை மாட்டிவிட்டாள்.

"இதுக்கு என்ன பேரு?"

"பைசைக்ளோ ரெண்டு ரெண்டு ஒண்ணு ஹெப்டேன். இந்த ரெண்டு முனையையும் மூணு பாலம் சேக்குது. பெரிய பாலத்துலருந்து எண்ணணும். ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. ஹெப்டேன்னா மொத்தம் ஏழு."

மாமி கூட்டிப் பார்த்தார். "அஞ்சுதானட்டி வருது."

"முனை ரெண்டும் எல்லாப் பாலத்துக்கும் பொது. பாலத்துல எண்ணக்கூடாது, மொத்தத்துல சேக்கணும்."

"நம்ம பொம்பளைக கதைதான். பந்தியில எண்ணமாட்டாவ, ஒலைக்கு அரிசி அளக்கயில எண்ணிருவாவ."

ஷம்ஸியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காலேஜ் பிள்ளைகளே இதுல தப்பு விடும் மாமி."

"அப்ப நாளைக்கு இதையே நடத்து. எவன் வேலை தரமாட்டேம்பான், பாப்போம்."

உள்ளே தொட்டில் அசைந்தது. மாமி திரும்பிப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. ஷம்ஸியாவும் எழவில்லை. இப்போது கேட்காவிட்டால் எப்போதுமே கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மாமியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாமி, நாளைக்கு மட்டும் இல்ல, வேலை கெடச்சா தெனமும் அம்மாரை நீங்கதான் பாத்துக்கிடணும். பாப்பியளா?"