தட்டில் நின்ற தண்ணீர்

மாரி மழை பிடித்துவிட்டால், செல்லங்களே, மருதமுனையில் நனையாத மனிதர் இல்லை. ஆனால் சுல்பிகாவின் அந்தூரியங்கள் மட்டும் நனையாது. முதல் மழை விழுந்த அன்றே முற்றத்துப் பச்சை வலைக்குக் கீழிருந்த சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து விறாந்தையில் ஜன்னலோரம் வைத்துவிடுவாள். சாடிக்குள் அடியில் கரித்துண்டு, மேலே தேங்காய்ப் பொச்சும் மணலும். மாரியில் அந்தூரியத்துக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படாது. விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் ஒரு கை தெளிப்பாள். அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாததல்ல இது. தெரிந்தவள்தான் இந்த மாரியில் தடுமாறிப் போனாள்.

அதற்குக் காரணம் அவளுடைய மதினி அஸ்மியா. சுல்பிகாவின் கணவன் சீனிமுகம்மதுவுக்கு மூத்த ராத்தா, அதாவது அக்கா. அஸ்மியாவின் மகன் ஷிப்லிக்கும் சுல்பிகாவின் மகள் அப்ராவுக்கும் சம்பந்தம் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் மனதுக்குப் பிடித்த சம்பந்தம். நாள் குறிப்பதுதான் பாக்கி.

மழை தொடங்கிய நேரம் வந்த அஸ்மியா, ஜன்னலோரம் நின்று பூக்களைப் பார்த்தாள்.

"இந்த மழையிலயும் இப்பிடிச் செவந்து நிக்குதே. என்ட வீட்டுல ஒண்டும் தங்குதில்லயே, சுல்பிகா."

சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்துவிட்டாள். கண் படாமலிருக்கச் சொல்கிற மாஷா அல்லாஹ் என்ற வார்த்தை வரவில்லை. சுல்பிகா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வரவேயில்லை.

சில நாளில் ஓர் இலை மஞ்சளித்தது. கிழட்டு இலைதான், விழ வேண்டிய காலம். ஆனால் மனதில் ஒரு முள் குத்திவிட்டால் கண் வேறு எதையும் பார்க்காது, மக்காள். கண்ணூறு என்று முடிவு கட்டினாள் சுல்பிகா. பள்ளிவாசல் அபுல் ஹஸன் ஆலிமிடம் போத்தலில் தண்ணீர் கொடுத்தனுப்பி, வீட்டுக்கு என்று சொல்லி, குர்ஆன் வசனம் ஓதி எடுப்பித்தாள். காலையும் மாலையும் சாடிகளுக்கு அந்தத் தண்ணீர்தான். ஓதின தண்ணீர் நிலத்தில் ஓடிக் கால் பட்டால் பாவமல்லவா? அதற்காக ஒவ்வொரு சாடிக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்தாள். ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. இலைகள் மேலும் மஞ்சளித்தன. அவள் மேலும் ஊற்றினாள்.

அப்ரா ஒரு தடவை, மாரியில் இவ்வளவு தண்ணீர் கூடாதே உம்மா என்று வாயெடுத்தாள்.

"ஓதின தண்ணி கெடுக்குமெண்டு சொல்ல வாறியா நீ?"

இப்படிக் கேட்டால் ஒரு பிள்ளை என்னத்தைச் சொல்லும்?

சுல்பிகாவின் பயமோ பூவை விட்டுப் பிள்ளைக்குத் தாவியது. நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். அவன் வந்தால் அவனுடைய உம்மாவும் நினைத்த நேரம் வருவாள், போவாள். ஒரு பார்வையில் பூவை வாட்டிய கண் தினமும் அப்ராவைப் பார்த்தால்? சீனிமுகம்மது வெள்ளம் பயிரை அழித்துவிடும் என்று பயந்து பொத்துவில் வயலில் காவல் நின்றான். அவன் திரும்புவதற்குள் இந்தப் பேச்சை முறித்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அஸ்மியா நாள் குறிக்க வந்தாள். கையில் மஸ்கத் இனிப்புப் பெட்டி. வாசலில் செருப்பைக் கழற்றி, குடையை உதறி வைத்துவிட்டு உள்ளே வந்தவள், ஜன்னலோரம் பார்த்துத் திகைத்து நின்றாள். ஏன் இப்படிப் போச்சு என்று குனிந்து ஓர் இலையைத் தொடப் போனாள். சுல்பிகா குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"மதினி, மறைச்சுக் கதைக்க எனக்கு ஏலா. நீங்க பாத்துட்டுப் போன அண்டையிலிருந்துதான் இதெல்லாம் வாடுது. பூவுக்கே இப்பிடியெண்டா என்ட புள்ளைக்கு? இந்தச் சம்பந்தம் வேணாம்."

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அஸ்மியாவின் முகத்தில் இரத்தமில்லை.

"என்ட தம்பிட வீட்டப் பாத்தா என்ட கண்ணா எரியும்?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு குடையை எடுத்தாள்.

தேத்தண்ணித் தட்டுடன் வந்த அப்ரா எல்லாவற்றையும் கேட்டபடி கதவடியில் நின்றாள். தட்டை மேசையில் வைத்தாள். நேராகப் போய்ப் பெரிய சாடியை இரண்டு கையாலும் தூக்கினாள். அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

"ஓதின தண்ணி. மிதிச்சிராதங்க," என்றபடி சுல்பிகா முழங்காலில் விழுந்து, தலையில் கிடந்த முக்காட்டையே இழுத்து ஓடுகிற தண்ணீரை மறித்தாள். அப்போதுதான் முகம் அந்தச் செடிக்குப் பக்கத்தில் போனது. முகத்தில் அறைந்தது நாற்றம். வேர்கள் கறுத்துக் கூழாகக் கிடந்தன. விரலால் தொட்டாள், தோல் கழன்று வந்தது.

அடுத்த சாடியைத் தானே சரித்துப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். தட்டு நிறையத் தண்ணீர், அதற்குள் அழுகிய வேர்.

அஸ்மியா வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்றாள்.

சுல்பிகா எழும்பவில்லை. நனைந்த முக்காடு கையில் கிடக்க, தலை குனிந்தபடி சொன்னாள்.

"தண்ணியில குற்றமில்ல மதினி. ஊத்தினவள் நான். கண் கெட்டவளும் நான்தான். என்ன மன்னிச்சுக்கங்க."

அஸ்மியா மற்றச் செருப்பையும் காலால் தேடினாள். அவள் போய்விட்டால் அந்தக் கதவு இனித் திறக்காது என்று அப்ராவுக்குத் தெரியும்.

கடைசியில் அஸ்மியா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து, கவிழ்ந்து கிடந்தவற்றுக்குள் காலால் அல்ல, கையால் தேடி, அழுகாத ஒரு குருத்தை எடுத்து அப்ராவிடம் நீட்டினாள். அடியில் அழுகியதை வெட்டித் தரச் சொன்னாள்.

"இது என்ட வீட்டுல கிடக்கட்டும். மாரி முடிஞ்சா இதையும் ஷிப்லியையும் சேத்து இஞ்ச கொண்டாந்து விடுறன். ரெண்டையும் தண்ணி ஊத்தி அழிச்சுப்போடாத, சுல்பிகா."

அப்ரா கத்தி எடுக்கிற சாட்டில் குசினிக்குள் ஓடிவிட்டாள். சுல்பிகாவுக்குச் சிரிக்க முடியவில்லை, அழுகைதான் வந்தது. அஸ்மியா தேத்தண்ணியைத் தொடவில்லை. வலி அவ்வளவு சீக்கிரம் ஆறுமா, செல்லங்களே? ஆனால் வாசல் கடப்படியைத் தாண்டிப் போகும்போது, தன் தோள் நனைய, குடையை அந்தக் குருத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள்.