பின்னால் போன ரிக்‌ஷா

ஞாயிறு காலை பத்து மணி. டெல்லி மயூர் விஹார் வீட்டில் ராஜவேல் மடிக்கணினியின் கேமராவுக்குத் தெரியாதபடி மேசைக்கடியில் குந்தியிருந்தார். கோயிலுக்குப் போய் வந்த விபூதி இன்னும் நெற்றியில் இருந்தது. திரையின் முன் அவருடைய ஒன்பது வயது மகள் ஸ்ம்ருதி. வார இறுதி இணையவழி கோடிங் வகுப்பில் பிள்ளைகள் தாங்களே செய்த விளையாட்டைக் காட்ட வேண்டிய நாள். எல்லாப் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ம்ருதி காட்டிய விமானம் மேகங்களுக்கு நடுவே பளபளவென்று பறந்தது.

"அச்சா, நல்லா இருக்கே! கொஞ்சம் மெதுவா பறக்க வை பாக்கலாம்," என்றார் ஆசிரியை ப்ரீதா.

எங்கே மாற்றுவதென்று ஸ்ம்ருதிக்குத் தெரியவில்லை.

"மூணாவது கட்டம்... ஜல்தி, ஜல்தி!" என்று அப்பா கீழிருந்து சீறினார். ஸ்ம்ருதி அழுதுவிட்டாள்.

"மிஸ், இது என்னோடது நஹீ. அப்பா ஆபீஸ் அங்கிள் செஞ்சது. நான் செஞ்ச ரிக்‌ஷாவை அப்பா டிலீட் பண்ணிட்டாங்க."

ராஜவேல் மேசைக்கடியிலிருந்தே கத்தினார். "என்ன மேடம், குழந்தையை இப்படியா மடக்குவீங்க? அவ ரிக்‌ஷா பின்னாடியே போச்சு. நாலு பேர் முன்னால அதையா காட்டறது?"

ஸ்ம்ருதியின் அம்மா மதுமதி கரண்டியும் கையுமாக வந்தாள்.

"நெத்தியில விபூதி அழியல, அதுக்குள்ள பிள்ளை வாயில பொய்யைத் திணிக்கறீங்களா? ரெண்டு வாரம் சோறு தண்ணி மறந்து செஞ்சா. அழிக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

ப்ரீதாவுக்கும் கோபம் பொங்கியது. குழந்தையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அழாதே கண்ணா. போன வாரம் நீ அனுப்பினது என்கிட்ட பத்திரமா இருக்கு."

திரையில் கோணலான பேட்டரி ரிக்‌ஷா ஒன்று வந்தது. தெருநாய் குறுக்கிட்டதும் நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது.

"நாய்க்கு வழி விடுதுடா!" என்றான் ஒரு பையன். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஸ்ம்ருதிக்கும் சிரிப்பு வந்தது.

"மிஸ், நாய் போனதும் பத்து அடி நகரச் சொன்ன இடத்துல, பத்துக்கு முன்னால மைனஸ் போட்டுட்டேன். எடுத்துடுங்க."

ஆசிரியை எடுத்தார். ரிக்‌ஷா முன்னால் ஓடியது.

ராஜவேல் மெல்ல எழுந்து, முதல் முறையாகக் கேமராவின் முன் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க. எம்பொண்ணு தப்பு ஒரு மைனஸ்தான், அவளே கண்டுபிடிச்சுட்டா. என் தப்புதான் பெருசு. பிள்ளைங்க கோணலா செஞ்சாலும் அது அவங்க உழைப்பு. நாம அழகா செஞ்சு குடுத்தா, நாமே அவங்களுக்குப் பொய் கத்துக்குடுக்கறோம்."