பதினேழாம் கிணற்றுத் தண்ணீர்

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் காற்புள்ளி என்றாலே அலட்சியம். ஊரையே அளந்துவிட்டு வருவார்கள். யார் யாருடைய கட்டுரையைப் படித்தீர்கள் என்று பட்டியல் கேட்டால் ஒருவர் ஆண்டைத் தொலைத்திருப்பார், இன்னொருவர் பக்க எண்ணைக் கோட்டை விட்டிருப்பார். அதையெல்லாம் இதழ் கேட்கிற முறைப்படி ஒழுங்கு செய்வதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் கோப்பை அனுப்பும். நான் கருமத்தம்பட்டியில் என் வீட்டு முன்னறையில், பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து திருத்தி அனுப்புவேன். பன்னிரண்டு வருடம் முன்பு நானும் எம்.ஃபில். முடித்தவள்தான். அதற்கு மேல் படிக்க வாய்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வந்த கோப்பு இனியா என்ற பெண்ணுடையது. தாராபுரம் பக்கத்துக் கிணறுகளில் நைட்ரேட் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஆராய்ந்திருந்தாள். வழிகாட்டி, பேராசிரியர் பாலகோபால். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு முகம் சுண்டியது. என் எம்.ஃபில்.லுக்கும் அவர்தான் வழிகாட்டி. இதழ் கேட்ட கடைசித் திருத்தம் இது, மாலை ஐந்து மணி கெடு, கட்டுரை வெளிவராவிட்டால் அந்தப் பெண் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது என்று நிறுவனத்தில் குறிப்பு வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூலத்தைத் திறந்து பார்த்துத்தான் சரிசெய்வேன். இருபத்துமூன்றாவது, பாலகோபால் 2015இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை. திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை, நாற்பத்திரண்டு கிணறுகள்.

கிணறுகள் திசைப்படியும் வரவில்லை, ஊர்ப்பெயரின் அகரவரிசையிலும் வரவில்லை. தாராபுரத்தில் காலை ஆறரை மணி டவுன் பஸ் ஏறி, ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கி நடந்தால் எது முதலில் வருமோ அந்த வரிசை. இறங்கி நடந்தவள் நான். தோள்பட்டை கன்றிப்போக பாட்டில்களைச் சுமந்தவள் நான். அலமாரியிலிருந்து என் ஆய்வேட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். ஓர் எண் மாறவில்லை. நன்றி சொல்லும் இடத்தில் ஆய்வகத்தில் பாட்டில் கழுவியவருக்குக்கூட ஒரு வரி இருந்தது. கெசியா என்ற பெயர் எங்குமே இல்லை.

அந்தக் கட்டுரையை அதுவரை அறுபத்தெட்டுப் பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அறுபத்தெட்டுப் பட்டியல்களில் அந்த மனிதரின் பெயர். இதில் அறுபத்தொன்பதாவதை நானே புள்ளி வைத்து, சாய்வெழுத்துப் போட்டு அழகுபடுத்த வேண்டுமாம். அதை வெளியிட்ட இதழுக்கு இன்றே எழுதுகிறேன், அவர் மானத்தை வாங்குகிறேன் என்று எழுந்தேவிட்டேன். இனியா அந்த அட்டவணையை வைத்து என்ன எழுதியிருக்கிறாள் என்பதையும் பார்த்துவிடலாம் என்று திரும்ப உட்கார்ந்தேன்.

அவள் கட்டுரையே ஒரு கிணற்றில் நின்றது. பதினேழாம் கிணறு. 2013இல் லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம், இப்போது எண்பத்தாறு. பக்கத்தில் வந்த கோழிப்பண்ணைகளால் நல்ல தண்ணீர் பத்து வருடத்தில் நஞ்சாகிவிட்டது என்று முடித்திருந்தாள்.

அந்தப் பன்னிரண்டு பொய்.

பதினேழாம் கிணற்றுக்கு நான் போனபோது தோட்டத்துக்காரர் வரப்பிலேயே நிறுத்திவிட்டார். "எந்த ஊருங்க அம்மணி? அப்பா என்ன பண்றாருங்க?" என்று விசாரித்தார். சொன்னேன். எங்கள் அப்பா பண்ணையத்து வேலைக்குப் போய், பிறகு தறிக்கு வந்தவர். சர்ச்சுக்குப் போகிறோம் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. "கெணத்து மேட்டுக்கு வர வேண்டாங்க கண்ணு. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அத்தனை 'ங்க' போட்டு என்னை யாரும் துரத்தியதில்லை.

நாற்பத்திரண்டு கிணறும் இருந்தே ஆக வேண்டும், ஒன்று குறைந்தாலும் வாங்கமாட்டேன் என்று பாலகோபால் சொல்லியிருந்தார். அவரிடம் போய் ஏன் விடவில்லை என்று விளக்க எனக்கு நாக்கு எழவில்லை. வழியில் இருந்த பஞ்சாயத்துக் கைப்பம்பில் பாட்டிலை நிரப்பி, பதினேழு என்று சீட்டு ஒட்டினேன்.

திருட்டுப் போன பொருள் என்னுடையது என்றால் அதற்குள் இருக்கிற கள்ளச் சரக்கும் என்னுடையதுதான். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மதியம்வரை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மற்ற மேற்கோள்களையெல்லாம் முடித்தேன். எழுதியவர்களை நாங்கள் நேரே தொடர்புகொள்ளக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. இரண்டரை மணிக்கு, கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த எண்ணை அழைத்தேன்.

"இனியாங்களா? நான் கெசியா பேசறேன். உங்க ரெஃபரன்ஸ் லிஸ்ட்ட நான்தான் பாக்கறேன்."

"சொல்லுங்க்கா. ஏதாச்சும் உட்டுப்போட்டேனுங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை யாருடையது என்பதைச் சொன்னேன். பதினேழாம் கிணற்றில் நான் தண்ணீரே எடுக்கவில்லை என்பதையும் ஏன் எடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"அக்கா," என்றாள் கடைசியில். "அந்தக் கெணத்துக்கு என்னையும் உடலீங்க."

"உன்னையுமா?" என்றேன்.

"இப்ப அந்தத் தோட்டத்துக்காரரு மகன் பாக்கறாருங்க. காலேஜ் படிச்சவரு. டீ குடிக்கறீங்களான்னு கேட்டாருங்க. அப்பா மருதாசலம், காலனின்னு சொன்னதும், இன்னைக்கு வேண்டாங்க, இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிப்போட்டாரு. மூணு தடவ போனேங்க்கா. அப்பறம் கீழ் தோட்டத்து போர் பைப்புல புடிச்சுட்டு வந்துட்டேன்."

கைப்பம்புத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு கெட்டுப்போனதாக எழுதி, மூன்று நிபுணர்கள் படித்துப் பார்த்துப் பிரமாதம் என்றிருக்கிறார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அப்படியே உட்ருங்க்கா," என்று அழ ஆரம்பித்தாள். "சாருக்குத் தெரிஞ்சா கையெழுத்துப் போட மாட்டாருங்க. அஞ்சு வருசமுங்க. ஊட்ல எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"உன் எம்பத்தாறப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் கண்ணு. அது உன்னோடது. என்னோடத என்னால உட முடியாது."

"அத மட்டும் சொன்னாலும் என் கட்டுரை போச்சுங்களே!"

உண்மைதான். அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலு மணிவரை அந்தக் கோப்பை வெறித்துக்கொண்டிருந்தேன். அவள் வயதில் நான் செய்ததைத்தான் அவளும் செய்திருக்கிறாள். எனக்குக் கிடைக்காமல் போன டாக்டர் பட்டத்தை அவளிடமிருந்தும் நானே பிடுங்குகிறேனோ என்று தோன்றியது. ஆனாலும் இந்தப் பொய்யை அறுபத்தொன்பதாவது தடவை என் கையாலேயே ஒழுங்கு செய்து அனுப்ப முடியவில்லை. இருபத்துமூன்றாம் மேற்கோளுக்கு மேலே என் ஆய்வேட்டைச் சேர்த்தேன். என் பெயர், ஆண்டு, தலைப்பு, வெளியிடப்படாதது. அட்டவணையில் பன்னிரண்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கமெண்ட் போட்டேன்: "இது பதினேழாம் கிணற்றுத் தண்ணீர் அல்ல. சாதியைக் கேட்டு என்னைக் கிணற்றுக்கு விடவில்லை. வேறு தண்ணீர் எடுத்து இந்த எண்ணைப் போட்டவள் நான். கெசியா." இனியாவுக்கும் பாலகோபாலுக்கும் நிறுவனத்துக்கும் ஒன்றாகவே அனுப்பினேன். அடுத்த பத்து நிமிடத்தில் நிறுவனத்திலிருந்து மூன்று முறை போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கோப்பு திரும்பி வந்தது. அனுப்பியவள் இனியா. எங்கள் எல்லோருக்குமே போட்டிருந்தாள். என் கமெண்டை அழித்திருப்பாள் என்று நினைத்துத் திறந்தேன். அது அப்படியே இருந்தது. எண்பத்தாறு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்திருந்தது.

"இதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் அல்ல. அதே காரணம். ம. இனியா."