வாசலுக்கே வருவோம்

எங்கள் ஊரில் தேசிய கீதம் பாடச் சொன்னால், குரல் உயர வேண்டிய இடத்தில் பாதிப்பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். டாட்ரோ கட்டில் கடை விளம்பரப் பாட்டைத் தொடங்கினால் கதையே வேறு. முப்பது வருடமாக உள்ளூர் ரேடியோவில் ஓடும் பாட்டு அது.

கட்டில் வேணுமா, மேசை வேணுமா,
டாட்ரோ கடையைக் கேளு!
ஒரு போன் போடு, போதும் போதும்,
உன் வாசலுக்கே வருவோம்!

நான் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் இந்த மலையூரின் ஆம்புலன்ஸ் ஓட்டுபவள். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் திட்டு மட்டும் குறையாமல் கிடைக்கும். ஜனவரியில் அந்தக் கிழட்டு வண்டி ஏற்றத்தில், பனியில் நின்றுவிட்டது. உள்ளே பக்கவாதம் வந்த ஹார்லன். பிழைத்துவிட்டார், ஆனால் இடது கை இன்றுவரை எழவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் ஆறவே இல்லை.

புது வண்டி வாங்கலாமா என்பது மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஓட்டுக்கு வந்தது. வரி ஏறும் என்று ஊரைக் கிளப்பிவிட்டவன் கடைக்கார வெண்டெல் டாட்ரோவேதான். என்னோடு பள்ளியில் படித்தவன். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்றாள் ஹார்லனின் தங்கை ஓப்பல். அவன் மெட்டிலேயே ஆம்புலன்ஸுக்குப் பாட்டுக் கட்டினாள். கடைசி வரி, ‘புது வண்டிக்குக் கை தூக்கு!’

பள்ளி விளையாட்டுக்கூடத்தில் ஊரே கூடியிருந்தது. நானும் ஓப்பலும் எழுந்து பாடினோம்.

நெஞ்சு வலிக்குதா, மூச்சு முட்டுதா,
லோர்னா வண்டியைக் கேளு!

நன்றாகத்தான் போனது. மூன்றாம் வரியில் ஊரே சேர்ந்துகொண்டது. பழக்கதோஷம் யாரை விட்டது? நூற்றுக்கணக்கான தொண்டைகள் கூரை அதிரக் கத்தின: “உன் வாசலுக்கே வருவோம்!”

ஓப்பலின் கடைசி வரி யார் காதிலும் விழவில்லை. கூடம் சிரிப்பில் குலுங்கியது. எனக்கு முகம் எரிந்தது.

வெண்டெல் எழுந்தான். “ரொம்ப நன்றி லோர்னா. ஓசியிலேயே என் கடைக்கு விளம்பரம் பண்ணிட்ட. நாளைக்கு வா, ஒரு தலகாணி தரேன்.”

“உன் தலகாணிய நீயே வச்சுக்கோ!” என்றேன். கூட்டத்தை நடத்தியவர் மேசையைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஹார்லன் பேசினார். வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. எல்லோரும் காத்திருந்தோம்.

“வெண்டெல், ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் உன் கடைக்குத்தான்ப்பா போன் போட்டேன். தாழ்வா ஒரு கட்டில் வேணும்னு.”

“ஆமா. அன்னிக்கே அனுப்பிட்டேனே.”

“அதே மலை. அதே பனி. உன் வண்டி முக்கா மணி நேரத்துல வந்துச்சு. பாட்டுல சொன்ன மாதிரியே வாசலுக்கே வந்துச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “கட்டில் வந்துருச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேரல.”

யாரும் சிரிக்கவில்லை. வெண்டெல் உட்கார்ந்துவிட்டான்.

கைதூக்கச் சொன்னார்கள். ஹார்லன் வலது கையைத் தூக்கினார். ஆதரவு நூற்றுப் பன்னிரண்டு, எதிர்ப்பு எழுபத்தொன்று. வெண்டெலின் கை எந்தப் பக்கத்துக்கும் எழவில்லை. ஓப்பல் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

கூட்டம் முடிந்து ஊரே சேர்ந்து சாப்பிட்ட மதிய விருந்தில் பீன்ஸ் தட்டோடு வெண்டெல் என் எதிரே வந்து நின்றான். வம்புக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

“புது வண்டி மேல எழுதுறதுக்கு ஏதாச்சும் வச்சிருக்கியா?”

“ஏன், உன் கடை பேர எழுதணுமா?”

“கடை பேரெல்லாம் வேணாம்.” தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “என் பாட்டோட கடைசி வரிய எழுது. ஆனா எழுதிட்டா, போகணும் லோர்னா. நான் ஒரு நாளும் போகாம இருந்ததில்ல.”

ஜூனில் புது வண்டி வந்தது. பக்கவாட்டில் நீல எழுத்தில் அந்த வரி. இதுவரை நாற்பத்தொரு அழைப்பு, நாற்பத்தொன்றுக்கும் போயிருக்கிறோம்.