ஜமீலா திருப்பித் தந்த தூக்குவாளி

ஸ்மோக் அலாரம் வீடே அதிரும்படி அலறியது. மாடியில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சேனாபதி படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார். கிச்சன் முழுக்கப் புகை. மனைவி வள்ளி ஸ்டூலின் மேல் ஏறி நின்று, துண்டால் அலாரத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அடுப்பில் நெத்திலிக் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது.

"அமெரிக்காவுல, சுகர் லேண்ட்ல இருந்துக்கிட்டு யாராவது கருவாடு வறுப்பாங்களா? பக்கத்து வீட்டுக்காரன் ஃபயர் இன்ஜினைக் கூப்பிடப் போறான்."

"கூப்பிடட்டும். வந்தவங்களுக்கும் ரெண்டு வச்சுக் குடுக்கேன்."

"நமக்கு மட்டும்னா தயிர்சாதத்தோட முடிச்சிருவியே. யாருக்கு இது?"

வள்ளி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "ஜமீலா ஹூஸ்டனுக்கு வந்திருக்காளாமே. நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியாதா?"

சேனாபதி அடுப்பை அணைத்தார். ஜமீலா விருந்துக்கு வரவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் தன் நாட்டின் சார்பாக, அவருடைய கம்பெனியோடு சண்டைக்கு வந்திருந்தாள். அங்கே பெம்பானி என்ற ஊரில், கடலுக்கடியிலிருந்து கேஸ் எடுத்துக் கப்பலேற்றும் பிளாண்ட்டைக் கட்டியவர்களில் சேனாபதியும் ஒருவர். இப்போது அங்கே புது அரசாங்கம். பழைய ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும், எடுக்கிற கேஸில் ஐந்தில் ஒரு பங்கை எங்கள் ஜனங்களுக்கு விட வேண்டும் என்று கேட்டது. முடியாது என்றது கம்பெனி. பேச்சு முறிந்தால் வழக்கு. வழக்கு முடியும்வரை பிளாண்ட் மூடிக் கிடக்கும். தன் நல்ல வருஷங்களையெல்லாம் கொட்டிக் கட்டியது உப்புக்காற்றில் துருப்பிடிப்பதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும்.

"வள்ளி, பேச்சு முடியிறவரைக்கும் அந்த டீமுக்கு ஒரு காபிகூட வாங்கிக் குடுக்கக் கூடாது. அவ கவர்ன்மென்ட் ஆள். நாம எது குடுத்தாலும் லஞ்சம்னு எழுதிருவாங்க. என் வேலை போயிரும்."

"கருவாடு லஞ்சமா?" வள்ளி சிரித்துவிட்டாள். "நம்ம ஓவியாவை இடுப்பைவிட்டு இறக்காம சுமந்தவ அவ."

அது உண்மைதான். பெம்பானி கேம்ப்பில் கன்டெய்னரை வெட்டிச் செய்த வீட்டில் அவர்கள் இருந்த நாட்கள். சாயங்காலமானால் கடல் காற்றோடு ஜமீலாவும் வந்துவிடுவாள். மந்திரி ஆபீஸிலிருந்து கண்காணிக்க அனுப்பிய சின்ன இன்ஜினியர். குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "காரம் பத்தலை, அக்கா" என்பாள். அங்கே அவள் கற்ற தமிழில் பாதி சாப்பாட்டுத் தமிழ். அவள் அம்மாவுக்கென்று வள்ளி ஒரு தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பாள்.

முதல் தடவை ஜமீலா அதைப் பளபளவென்று விளக்கி, வெறுமனே கொண்டுவந்து நீட்டினாள்.

"ஏட்டி, எங்க ஊர்ல வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க மாட்டோம். ஒரு கை சீனியாவது போட்டுக் குடுக்கணும்" என்று வள்ளி கேலி செய்தாள்.

அதன்பிறகு தூக்குவாளி வெறுமனே வந்ததே இல்லை. முந்திரிக்கொட்டை வரும், மாங்காய் வரும். ஒருநாள் ஒரு பிடி உப்பு மட்டும் வந்தது. "இன்னைக்கி வீட்டுல இதுதான் இருந்துச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த உப்பை வள்ளி ரொம்ப நாள் தனியாக வைத்திருந்தாள்.

இந்தப் பழக்கத்தை நம்பித்தான் சேனாபதி கம்பெனியின் இளம் தமிழ் வக்கீல் க்ரிஷ்ஷிடம் சொல்லியிருந்தார், "ஜமீலாவை எனக்குத் தெரியும். மென்மையான பொண்ணு. கடைசியில இறங்கி வந்துருவா."

மறுநாள் கோயிலுக்கு என்று காரை எடுத்துப்போன வள்ளி திரும்பி வந்தபோது, அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. சேனாபதி அலமாரியைத் திறந்து பார்த்தார். அந்தப் பழைய தூக்குவாளியைக் காணோம்.

"அவ தங்கியிருக்கிற ஹோட்டல் ரிசப்ஷன்ல குடுத்துட்டு வந்துட்டேன். அவ கண்ணுலகூடப் படலை. போதுமா?"

பேச்சுவார்த்தையில் சேனாபதியும் உட்கார்ந்திருந்தார். எதிரே கறுப்புக் கோட்டில் ஜமீலா. காதோரம் லேசாக நரை. "மிஸ்டர் சேனாபதி" என்றாள். கருவாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஓர் அங்குலம் இறங்கவும் இல்லை. இரண்டாம் நாள் மாலை கம்பெனி முடிவாகச் சொன்னது. பழைய ஒப்பந்தம்தான், காலையில் பதில் வேண்டும்.

அன்று இருட்டும் முன்னே வீட்டு பெல் அடித்தது. வாசலில் ஜமீலா. கையில் தூக்குவாளி.

"ஏட்டி, உள்ள வா" என்று கையைப் பிடித்தாள் வள்ளி.

"வேண்டாம், அக்கா. உள்ள வந்தா அண்ணன் வேலை போயிடும்." சிரித்தாள். "கருவாடு வந்துச்சுன்னு என் டீம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சொல்லிட்டு நான் ஒருத்தியே சாப்பிட்டேன்."

சேனாபதி குரலைத் தாழ்த்தினார். "ஜமீலா, காலையில கொஞ்சம் விட்டுக்குடுத்துரும்மா. பிளாண்ட்டை மூடிருவாங்க. நாம சேர்ந்து கட்டினது."

ஜமீலா தூக்குவாளியை வள்ளியிடம் நீட்டினாள். வள்ளி ஆசையாக மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"என்னட்டி, நான் சொன்னதை மறந்துட்டியா?"

"மறக்கலை, அக்கா." அவள் கண்கள் சேனாபதியிடம் திரும்பின. "எங்க கடல்ல இருந்து எத்தனை கப்பல் போச்சு, அண்ணா? எங்க அம்மா இன்னும் கரி அடுப்புலதான் சமைக்கிறாங்க. எங்களுக்குத் திரும்பி வந்த பாத்திரம் இப்படித்தான் இருந்துச்சு."

வள்ளியைக் கட்டிக்கொண்டுவிட்டு, காத்திருந்த டாக்ஸியில் ஏறிப் போய்விட்டாள்.

வள்ளி தூக்குவாளியை மேஜைமேல் வைத்தாள். மூடியைப் போடவில்லை. போன் அடித்தது.

"அங்கிள், நாளைக்குக் காலையில நாம ஸ்ட்ராங்கா நிக்கப்போறோம்" என்றான் க்ரிஷ். "அவங்க இறங்கி வந்துருவாங்கதானே? நீங்க சொன்னதை நம்பித்தான் எல்லாரும் இருக்காங்க."

சேனாபதி திறந்து கிடந்த தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இறங்க மாட்டா, க்ரிஷ். இறங்கவும் கூடாது."