பயப்படாதே என்று தைத்த துணி

சபையார் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய மிக முக்கியமான அறிவிப்பு: வருகிற ஆண்டு விழா ஞாயிறு முதல் நமது சபையில் பயம் முற்றிலுமாக ஒழிக்கப்படுகிறது.

போதகர் இதை மைக்கில் சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்கார்ந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமே என்ற பயம்.

பயத்தை ஒழிப்பதற்கான ஏற்பாடுகள் அதிகமில்லை. மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு நீல வெல்வெட் துணி தொங்கும். அதில் பொன்னிற சாட்டின் எழுத்துகளில் ‘பயப்படாதே’ என்றிருக்கும். தைக்கிற பாக்கியம் தையல்காரிக்கு. ஒரு வேலையைப் பாக்கியம் என்று போதகர் சொன்னால் கூலியைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

சபைச் சுவரில் ஏற்கெனவே கொள்கைகள் இருந்தன. ‘அன்பே எங்கள் சட்டம்.’ ‘துன்பப்படுவோருக்கு இங்கே அடைக்கலம்.’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘செருப்புகளை வரிசையாக விடவும்.’ இவற்றில் கண்டிப்பாக நடைமுறையில் இருந்தது கடைசி ஒன்றுதான்.

தையல்காரியின் கணவரை எல்லோரும் மைக்செட் என்பார்கள். சபையின் ஒலிபெருக்கி அவர் பொறுப்பு. ஊருக்கே கேட்கிற மாதிரி மற்றவர்களைப் பேசவைப்பார். தான் பேசினால் பக்கத்தில் இருப்பவர் காதைக் கிட்டத்தில் கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்டவர் ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். காரணம், தையலறையில் ஒளிந்திருந்த அவருடைய மனைவியின் தங்கை.

தங்கை சபை மூப்பரின் மனைவி. மூப்பர் ஞாயிறுதோறும் வாசலில் நின்று வருகிறவர்களின் கையைப் பற்றி வரவேற்பவர். அந்தப் பிடி பிரசித்தம். “மூப்பர் கைகொடுத்தா மத்தியானம் வரைக்கும் அன்பு வலிக்கும்” என்று பின்வரிசையில் சொல்லிக்கொள்வார்கள். போன சனிக்கிழமை பால் வாங்கக் கதவைத் திறந்த தையல்காரி, படியில் உட்கார்ந்திருந்த தங்கையைக் கண்டாள். ஒரு பை. இடது தோளுக்குக் கீழே, வரவேற்கிற அதே கையின் நான்கு விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன.

“இனிமே அங்க போக மாட்டேன்க்கா. போனா இந்தத் தடவை உசுரோட இருக்க மாட்டேன்.”

மைக்செட் ஜன்னலைச் சாத்தினார். “மூப்பருக்குத் தெரிஞ்சா?”

“தெரியாமப் பாத்துக்கணும்” என்றாள் தையல்காரி.

“போதகருக்குத் தெரிஞ்சா?”

“நான் போன மாசமே அவர்கிட்டச் சொன்னேன் மாமா” என்றாள் தங்கை. “கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள விஷயம் போய்ச் சேர்ந்திருச்சு. அன்னிக்கு வாங்கின அடிக்கு அவர் ஜெபிக்காமலே விட்டிருக்கலாம்.”

மறுநாள் ஆராதனையில் மூப்பர் எழுந்து, தன் மனைவி உடம்பு சரியில்லாத சித்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பதாகச் சொன்னார். அக்கா தங்கை இருவருக்கும் சித்தி என்று ஒருத்தி கிடையாது. இருந்தும் சபை முழுக்கக் கண்ணை மூடி அந்தச் சித்திக்காக ஜெபித்தது. தையல்காரியும் ஜெபித்தாள். மூப்பர் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

ஆண்டு விழாவுக்கு முன் போதகர் வீடு வீடாகப் போய் ஜெபிப்பது வழக்கம். ஒவ்வொரு அறையிலும் நின்று, கதவு நிலையில் கைவைத்து ஜெபிப்பார், ஒன்றையும் விட மாட்டார். தையல்காரி வீட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் தங்கையை எதிர்வீட்டு மாடிக்கு அனுப்பிவிடலாம் என்று திட்டம். மத்தியானமே தெருவில் போதகரின் தொண்டைச் செருமல் கேட்டது.

தையலறைக்கு இன்னொரு வழி இல்லை. எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, குண்டூசி குத்திய வெல்வெட் துணியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். தங்கை அதன் பின்னால் போய் நின்றாள்.

மைக்செட் கதவைத் திறந்தார். போதகருக்குப் பின்னால் மூப்பர்.

“என்ன சகல, கதவைத் திறக்க இவ்வளவு நேரமா?”

“தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம் மூப்பரே.”

“நல்லதுதான். இந்தக் காலத்துல தாழ்ப்பாள் இறுக்கமாத்தான் இருக்கணும்” என்று மூப்பர் கைகொடுத்தார். மைக்செட்டின் விரல்கள் வெளுத்துப்போயின.

சமையலறையில் அடுப்புக்காக ஜெபம் நடந்தது. குளியலறையில் வாளி ஆசீர்வதிக்கப்பட்டது. ஒவ்வொரு அறையிலும் மூப்பர் ஜெபித்தது குறைவு, பார்த்தது அதிகம். கதவுக்குப் பின்னால் பார்த்தார். அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் பார்த்தார்.

“தையல் ரூம் வேண்டாங்கய்யா. ஒரே பிசிறு.”

“பிசிறுக்கும் ஆண்டவர் இருக்காரும்மா” என்று போதகர் உள்ளே போய்விட்டார்.

துணி தொங்கியது. அதில் ‘டா’ என்ற எழுத்து மட்டும் நடுங்கியது.

போதகர் கவனித்துவிட்டார். “பாருங்க! ஆவியானவர் அசைவாடுறார்!”

“ஃபேன் காத்துங்கய்யா” என்றார் மைக்செட்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கரண்ட் காலையிலிருந்தே இல்லை. ஃபேன் அசையாமல் நின்றது.

“ஐயா, இந்த ரூம்ல நான் ஜெபிக்கட்டுமா?” என்று மூப்பர் பணிவாகக் கேட்டார். கையை உயர்த்தினார். “ஆண்டவரே, வழி தவறிப்போன ஆடு எங்க ஒளிஞ்சிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்ணை எனக்குக் குடுத்திருக்கீர், ஸ்தோத்திரம். அதை இழுத்துட்டு வர்ற கையையும் குடுத்திருக்கீர், ஸ்தோத்திரம். அதுக்கு இடம் குடுத்தவங்க வீட்டையும் நீர் மறக்க மாட்டீர்.”

“ஆமென்” என்றார் போதகர். “ஆமென்” என்றார் மைக்செட். தையல்காரியின் உதடு அசைந்தது.

துணிக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று, “ஆமென்” என்றது.

தங்கையைக் குறை சொல்லக் கூடாது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பழக்கம். யாராவது ஜெபத்தை முடித்தால் அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொள்ளும். தனக்கு எதிரான ஜெபத்துக்கும் ஆமென் சொல்லும்படி அந்தச் சபையில் எல்லோரையும் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.



“எதிரொலி” என்றார் போதகர், யாரையும் பார்க்காமல்.

“ஆமாங்கய்யா” என்று மைக்செட் அவசரமாகப் பிடித்துக்கொண்டார். “இந்த ரூம்ல எதிரொலி ஜாஸ்தி. பொம்பளக் குரல்லதான் வரும்.”

மூப்பர் சிரித்தார். சிரித்தபடியே துணியை நோக்கி நடந்தார்.

“தொடாதீங்க, குண்டூசி இருக்கு” என்றாள் தையல்காரி.

அவர் கைநிறையப் பற்றி இழுத்தார். துணி சரிந்தது, ‘தே’ மீது ஒரு சொட்டு ரத்தம். சுவரோடு ஒட்டி நின்ற தங்கை கண்களை இறுக மூடியிருந்தாள். கண்ணை மூடினால் மற்றவர்களுக்குத் தெரிய மாட்டோம் என்று நினைக்கிற குழந்தை மாதிரி.

மூப்பர் விரலைச் சப்பிக்கொண்டே சொன்னார்: “வா, வீட்டுக்குப் போகலாம். சித்திக்கு உடம்பு சரியாயிடுச்சு.”

போதகர் அவள் தோளைப் பார்த்தார். நீலம் இப்போது பச்சையும் மஞ்சளுமாக மாறியிருந்தது. உடனே ஜன்னலைப் பார்த்தார். “குடும்ப விஷயம். நாலு சுவத்துக்குள்ள பேசித் தீத்துக்கணும்.”

“ஐயா” என்றாள் தையல்காரி. “சபைச் சுவத்துல அடைக்கலம்னு எழுதியிருக்கே.”

“ஆமாம்மா.”

“அது இவளுக்கு உண்டா?”

போதகர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். மூப்பரை ஒருமுறை பார்த்தார். சபை கூடுகிற கட்டடம் மூப்பருடையது. “அது பொதுவா எழுதினதும்மா.”

“நான் வரல” என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமல்.

மூப்பர் ஓர் அடி எடுத்து வைத்தார். அப்போது மைக்செட் அவருக்கும் தங்கைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். வீரம் என்று சொல்ல முடியாது. பயத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. ஆனால் மடங்கிய இடம் சரியான இடமாக அமைந்துவிட்டது.

“எந்திரி சகல.”

“முடியல மூப்பரே.”

“எந்திரின்னு சொல்றேன்.”

“சத்தியமா முடியல. காலே இருக்கற மாதிரி தெரியல.”

தையல்காரி மேசையிலிருந்த பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். ஓங்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு தங்கை பக்கத்தில் போய் நின்றாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கையில் ஈரச் சட்டையோடு ஜன்னல் வழியாக உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மூப்பர் அதைக் கவனித்தார். அவருடைய முகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு திரும்பி வந்தது.

“சரி. எனக்கு அவசரமில்ல” என்றார். “கதவை என்னிக்காவது திறந்துதானே ஆகணும்?”

வாசல்படி இறங்கும்போது போதகர் திரும்பினார். இவ்வளவுக்குப் பிறகு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று தையல்காரி ஒரு நொடி நம்பினாள்.

“துணியைக் காலைல முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடி அனுப்பிரும்மா. கறையைப் பச்சைத் தண்ணில அலசினாப் போயிரும்.”

தையல்காரி தைத்துக் கொடுத்தாள். கொடுக்காமலிருக்கப் பயம். கறை முழுதாகப் போகவில்லை. தூரத்திலிருந்து பார்க்க எழுத்தின் நிழல் மாதிரி இருந்தது. மூப்பர் விரலில் கட்டுடன் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். போதகர் அந்தத் துணியின் கீழே நின்று, பயமில்லாத வாழ்க்கையைப் பற்றி எல்லோரும் களைத்துப்போகும்வரை பிரசங்கித்தார். பிறகு சபையாரை எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு அறிவிப்பு செய்தார்: தையல்காரி வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது, அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வேறு யாரோ இயக்கிய ஒலிபெருக்கி கீச்சிட்டது. எல்லோரும் ஆமென் என்றார்கள்.

அந்த நேரத்தில் மைக்செட் தன் வீட்டு வாசல் கதவில் இரண்டாவது தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தார்.